கானுக்கு வாய் எங்கே?

கார்த்திகையில் பத்து நாள் விடாமல் பெய்தால் வாழைச்சேனையில் என்ன நடக்கும் என்று சொல்ல யாருக்கும் சாத்திரம் தெரிந்திருக்கத் தேவையில்லை. கிரானில் புலிபாய்ந்தகல் வீதி மூழ்கும். ஆட்களைத் தோணியில் ஏற்றுவார்கள். உன்னிச்சை, உறுகாமம், வாகனேரிக் குளங்களின் வான்கதவு எத்தனை அடி திறந்தது என்று வானொலி சொல்லும். ஒழுங்கைகளில் முழங்கால் தண்ணீர், பாடசாலைகளில் சமைத்த சாப்பாடு. தை பிறந்தால் வெயில் வரும். வெயிலோடு மதிப்பீடும் வரும்: வெள்ளத் தடுப்புக்கு இத்தனை மீற்றர் கொங்கிறீட் கான். அடுத்த மாரிக்கு முன் கான் கட்டி முடிந்து பெயர்ப்பலகையும் நட்டாகிவிடும். பிறகு மாரி வரும். அதே ஒழுங்கையில் அதே முழங்கால் தண்ணீர் நிற்கும்.

நான் நீர்ப்பாசன வேலையில் தொழில்நுட்ப உத்தியோகத்தராக, அதாவது ரீ.ஓ.வாக இருந்து ஓய்வு பெற்றவன். பழைய டம்பி லெவல் கருவிக்குள் அளவுகோல் தலைகீழாகத்தான் தெரியும். அதைப் பார்த்துப் பார்த்தே தலை நரைத்த கூட்டத்தில் நானும் ஒருவன். அந்தப் பழக்கத்தில்தான் இதை எழுதுகிறேன். கான் கட்டுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. அதன் வாய் எங்கே, எந்த மட்டத்தில் திறக்கிறது என்று பார்க்காமல் கட்டுவதில்தான் ஆட்சேபம்.

எங்கள் ஒழுங்கைக் கானையே எடுத்துக்கொள்கிறேன். ஒன்றரை அடி அகலம், இரண்டடி ஆழம், மேலே மூடிப் பலகைக் கற்கள். பூச்சு வேலை கண்ணாடி மாதிரி, அதில் குறை சொல்ல முடியாது. கட்டுகிறபோது மேற்பார்வைக்கு நின்ற பொடியனிடம் கேட்டேன்: "தம்பி, இதின்ட வாய் மட்டம் என்ன?" அவன் மரியாதையாகத்தான் சொன்னான்: "ஐயா, எஸ்டிமேட்டில நீளமும் அகலமும் ஆழமும்தான் கிடக்கு." தெரிந்த ஒருவரிடம் கருவியை இரவல் வாங்கி, ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டம் பார்த்தேன். கானின் நடுப்பகுதி அதன் வாயைவிட நான்கு அங்குலம் பள்ளம். வாய் திறப்பதோ களப்போரத்துச் சதுப்பில். மார்கழியில் களப்பு ஏறினால் அந்த வாய் தண்ணீருக்குள் போய்விடும். பிறகு தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று நான் விளக்க வேண்டியதில்லை, பக்கத்து வளவு ஆச்சி ஒரே வரியில் சொல்லிவிட்டா: "மனே, முந்தி மழைத் தண்ணிதான் வந்திச்சு. இப்ப கானால ஆத்துத் தண்ணியும் வருகுது."

உண்மைதான். அந்த மாரியில் சிறுபிள்ளைகள் மூடிக்கல்லை நகர்த்தி, கானுக்குள் கைபோட்டுச் செப்பலி பிடித்தார்கள். மழை விட்ட பிறகு நான்கு அங்குலப் பள்ளத்தில் தேங்கியது வற்றவில்லை. அதில் நுளம்பு பெருகியது. டெங்குப் பரிசோதனைக்கு வந்தவர்கள் வீட்டுக்காரரின் பூச்சாடியைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

எங்களுக்கு வரும் தண்ணீர் மூன்று. தலைக்கு மேலே பெய்வது ஒன்று. மட்டக்களப்பில் வருடத்துக்கு 1,600 மில்லிமீற்றருக்கு மேல் மழை கிடைக்கிறது. அதில் பாதிக்கு மேல் நவம்பர், டிசம்பர், ஜனவரி மூன்று மாதத்தில் கொட்டித் தீர்ந்துவிடும். மேற்கிலிருந்து வருவது இரண்டாவது. ஊவாப் பக்கத்து மலைகளில் பிறக்கும் மாதுறு ஓயா காடும் வயலும் தாண்டி எங்கள் களப்பில்தான் வந்து விழுகிறது. அதன் நீர்த்தேக்கம் ஏறத்தாழ 60 கோடி கன மீற்றர் கொள்ளும்; அது நிரம்பிவிட்டால் மிச்சம் முழுக்க எங்களுக்குத்தான். மூன்றாவது கடல். எங்கள் கரையில் வற்றுப்பெருக்கு பெரிதில்லை, இரண்டடியைத் தாண்டாது. ஆனால் வாடைக்காற்று மார்கழி முழுக்கக் கடலைக் கரையோடு ஏற்றி வைத்திருக்கும். மழையும் ஆறும் உச்சத்தில் இருக்கும் அதே மாதத்தில்தான் கடலும் உயர்ந்து நிற்கிறது. இது எங்கள் ஊரின் தலைவிதி. எந்த எஸ்டிமேட்டாலும் மாற்ற முடியாது.

(மாதுறு ஓயா அணை 1980களின் தொடக்கத்தில் துரித மகாவலித் திட்டத்தில் கனடாவின் உதவியோடு எழுந்தது. அணைக்கு இடம் தேர்ந்து வேலை தொடங்கியபோது, அதே இடத்தில் பழங்காலத்து மதகொன்று மண்ணுக்குள்ளிருந்து வெளிப்பட்டது. கனடாக்காரரின் கருவிகள் காட்டிய இடத்தைக் கருவி இல்லாத காலத்தில் ஒருவன் மட்டம் பார்த்துப் பிடித்திருக்கிறான். நாங்கள் முந்நூறு மீற்றர்க் கானுக்கு மட்டம் பார்க்க மாட்டோம்.)

1957 டிசம்பரில் மழை, ஆறு, கடல் மூன்றும் சேர்ந்தன. 2011 ஜனவரியிலும் சேர்ந்தன. அது வடிய முன்னமே பெப்ரவரியில் இரண்டாவது வெள்ளம் வந்தது. நாடு முழுக்கப் பத்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் பாதிக்கப்பட்டார்கள். மிக மோசமாக அடிவாங்கிய மாவட்டங்களில் எங்களுடையதும் ஒன்று. அந்த அளவு வெள்ளத்துக்குக் கானும் மதகும் பதிலாகாது. அதற்கு நேரத்தோடு எச்சரிக்கை வேண்டும், மேட்டில் ஒரு கட்டடம் வேண்டும், படகு வேண்டும். நான் பேசுவது வருடாவருடம் வருகிற, முழங்கால் அளவு வெள்ளத்தைப் பற்றி. அதைக் குறைக்க முடியும். இரண்டையும் ஒரே பெயரில் குழப்புவதால்தான் "2011 மாதிரி வந்தால் என்ன செய்வது?" என்று கேட்டுச் செய்யக்கூடியதையும் செய்யாமல் விடுகிறோம்.

நிலத்தின் சரிவு எவ்வளவு என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. எங்கள் ஊரில் தண்ணீர் ஒரு கிலோமீற்றர் ஓடி ஓரடி இறங்கினால் பெரிது. சரிவு நான்கில் ஒன்றாகக் குறைந்தால் தண்ணீரின் வேகம் பாதியாகிவிடும்; இது தண்ணீர்க் கணக்கின் அரிச்சுவடி. களப்பு ஓரடி ஏறினால் அந்த ஓரடிச் சரிவும் போய்விட்டது. கானின் அகலத்தை இரட்டிப்பாக்கினாலும் ஓடாது, ஓடுவதற்கு இறக்கம் இல்லை. அப்போது ஊருக்கு இருக்கும் வழி ஒன்றுதான்: களப்பு இறங்கும்வரை சில மணித்தியாலம், ஒருவேளை ஒரு நாள், மழைத் தண்ணீரை எங்கேயாவது இருக்கச் சொல்வது.

முன்பு அதற்கு இடம் இருந்தது. ஊருக்குள் மழைத் தண்ணீர் வடியும் தோணா இருந்தது, தண்ணீர் தேங்கும் வில்லு இருந்தது, வளவுக்குள் பள்ளக்காணி இருந்தது. மழைக்காலத்தில் குளம், மற்றக் காலத்தில் மாடு மேய்கிற இடம். இன்று அதெல்லாம் கிறவல் போட்டு நிரப்பிய காணி. கணக்கைப் பாருங்கள். 20 பேர்ச் வளவில் 100 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழுவது 50,000 லீற்றர், அதாவது பெரிய பவுசரில் ஐந்து. எங்கள் மணல் நிலம் ஐப்பசி மழையைக் குடித்துவிடும். மார்கழியில் குடிக்காது, அப்போது கிணற்றில் கயிறே தேவையில்லை, குனிந்து வாளியால் அள்ளலாம். நிலம் அந்த அளவுக்கு ஊறி நிற்கும்போது விழுகிற ஐந்து பவுசரும் மேலேதான் ஓட வேண்டும். மூன்றடிப் பள்ளமான ஒரு ஏக்கர் காணி 37 இலட்சம் லீற்றர் பிடிக்கும். அப்படி ஒரு ஏக்கரை நிரப்பினால் எழுபது வளவுகளின் மழைத் தண்ணீருக்கு இருந்த இடத்தை எடுத்துவிட்டீர்கள். நிரப்பியவரின் வீடு நனையாது. எழுபது வீட்டில் யாருடையதாவது நனையும். அநேகமாக அது ஒழுங்கையின் கடைசியில், களப்போரத்தில் இருக்கும் மீன்பிடிக்காரரின் வீடாக இருக்கும்.

வயலை அனுமதியின்றி நிரப்பக்கூடாது என்று 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம் சொல்கிறது. சட்டம் கமநல சேவை நிலையத்தின் அலுமாரியில் பத்திரமாக இருக்கிறது. டிப்பர் இரவில் வருகிறது.

இனி மதகு. பிரதான வீதியும் ரயில் பாதையும் நிலத்தைவிட உயர்ந்த இரண்டு வரம்புகள். தண்ணீர் அவற்றைக் கடக்க மதகைத் தவிர வேறு வழி கிடையாது. வீதியைக் காப்பற் போட்டு உயர்த்துகிறார்கள், நல்லது. ஆனால் உயர்த்துகிறபோது பழைய மதகை நீட்டிவிட்டு, அல்லது அதற்குப் பதிலாக இரண்டடி ஹியூம் பைப்பைப் புதைத்துவிட்டுப் போகிறார்கள். "ஒன்று போதாதென்றால் இரண்டு போடுவோம்" என்பது தளத்தில் அடிக்கடி கேட்கிற வாசகம். நான்கடிக் குழாய் ஒன்று கொண்டுபோகும் தண்ணீரைக் கொண்டுபோக இரண்டடிக் குழாய் இரண்டு போதாது, நான்கும் போதாது. ஆறுக்கு மேல் வேண்டும். சின்னக் குழாயில் சுவரோடு உரசும் தண்ணீர் அதிகம், ஓடும் தண்ணீர் குறைவு. அதற்கு மேல் ஒரு தென்னோலையும் இரண்டு பொலித்தீன் பையும் வந்து சிக்கினால் கதை முடிந்தது. பெட்டி மதகு, அதுவும் பெக்கோ இல்லாமல் ஒரு மனிதன் குனிந்து உள்ளே போய்த் துப்புரவாக்கக்கூடிய பெட்டி மதகு, இதுதான் எங்கள் நிலத்துக்குச் சரி. விலை கூடத்தான். ஆனால் அந்த ஒரு மதகுக்குப் பின்னால் எத்தனை வளவு நனையாமல் தப்பும் என்று எண்ணிவிட்டு விலையைப் பேசலாம்.

கானின் வாயில் ஒருவழிக் கதவு வைக்கலாம். மேலே கீல் போட்ட ஒரு தகடு. ஊர்த் தண்ணீர் தள்ளினால் திறக்கும், களப்புத் தண்ணீர் தள்ளினால் மூடிக்கொள்ளும். மோட்டர் வேண்டாம், மின்சாரம் வேண்டாம். உப்புக் காற்றில் துருப்பிடிக்காத உலோகமாக இருக்க வேண்டும், மாரிக்கு முன் கீலுக்குக் கிறீஸ் போட ஒருவர் வேண்டும். இந்த "ஒருவர்" என்ற இடத்தில்தான் எங்கள் திட்டங்கள் இறந்து போகின்றன. கட்டுவதற்குக் காசு வரும், பராமரிக்க வராது. எனவேதான் பம்ப் வைத்து இறைப்போம் என்று யாராவது சொன்னால் எனக்குப் பயம். மழை கொட்டும் இரவில், மின்சாரம் நின்ற நேரத்தில், டீசல் வாங்க யார் கையெழுத்து வைப்பது?

"ஆற்றை ஆழமாக்குங்கள்" என்ற கோரிக்கையும் ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பின்னும் எழுகிறது. கேட்க நன்றாக இருக்கும். ஊரார் ஆறு என்று சொல்லும் களப்பு கடலோடு சேர்ந்தது. அதன் அடியை எத்தனை அடி தோண்டினாலும் மேல்மட்டம் கடல் மட்டத்துக்குக் கீழே இறங்காது. கிணற்றின் அடியைத் தோண்டினால் கொள்ளளவு கூடும், களப்புக்கு அந்த நியாயம் பொருந்தாது. மீன்பிடித் துறைமுகத்துப் படகுகள் போய்வர வாய் ஆழமாக இருக்க வேண்டும் என்பது வேறு விடயம், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் உள்ளே மேலே மேலே தோண்டிக்கொண்டு போனால் உப்புத் தண்ணீர் வயற்பக்கம் ஏறும். மட்டக்களப்பு வாவியில் பாலமீன்மடு முகத்துவாரத்தை எப்போது வெட்டுவது என்று விவசாயிக்கும் மீன்பிடிக்காரருக்கும் இடையில் வருடாவருடம் நடக்கிற இழுபறி தெரிந்தவர்களுக்கு இதை விரிக்கத் தேவையில்லை.

தோணாவைத் தோண்டுவதும் அப்படித்தான், தனியே நின்றால் பயனில்லை. சாய்ந்தமருது தோணாவைப் பாருங்கள். எத்தனை தடவை பெக்கோ இறங்கியது, எத்தனை படம் பத்திரிகையில் வந்தது. கரையில் குப்பை கொட்டுவது நிற்காததால் சேறும் ஆற்றுவாழையும் திரும்ப வந்தன. இரண்டு பக்கமும் கல் கட்டி, தோணாவை நேராக்கி, கான் ஆக்கிவிடலாம் என்று நினைப்பவர்கள் சிங்கப்பூரைப் பார்க்க வேண்டும். அங்கே பீஷான் பூங்காவில் 2.7 கிலோமீற்றர் நேரான கொங்கிறீட் கால்வாய் ஒன்று இருந்தது. அதை உடைத்து, வளைந்து நெளிந்து ஓடும் 3.2 கிலோமீற்றர் ஆறாக்கி 2012இல் திறந்தார்கள். மழை பெருத்தால் பூங்காவே ஆறாகிவிடும். நடக்க வந்தவர்கள் மேடேறுவார்கள், மழை விட்டால் திரும்ப வருவார்கள். சிங்கப்பூரின் காசு எங்களிடம் இல்லை என்பீர்கள். சரி, கொழும்புக்கு வருவோம். 2010 நவம்பரில் பாராளுமன்றத்துக்குள்ளேயே தண்ணீர் புகுந்தது. அதற்குப் பிறகுதான் உலக வங்கிக் கடனில் கால்வாய்களோடு சேர்த்து பெத்தகான போன்ற சதுப்பு நிலங்களையும் காப்பாற்றத் தொடங்கினார்கள். 2018இல் கொழும்புக்கு ராம்சார் சதுப்புநில நகரம் என்ற அங்கீகாரமும் கிடைத்தது. பாராளுமன்றம் நனைந்தால் சதுப்பு நிலத்தின் அருமை தெரிகிறது. கறுவாக்கேணியும் கிண்ணையடியும் பிறைந்துறைச்சேனையும் எத்தனை தடவை நனைந்தால் தெரியும்?

யார் செய்வது என்பதுதான் மிகக் கடினமான பகுதி. கோறளைப்பற்று என்ற ஒரு பற்று இன்று ஐந்து பிரதேச செயலகப் பிரிவு: வாகரை, ஓட்டமாவடி, வாழைச்சேனை, கிரான், நடுவில் கோறளைப்பற்று மத்தி. சில இடங்களில் எல்லைக்கோடு ஒழுங்கையின் நடுவால் போகிறது. ஒரு பக்கத்துக் கான் ஒரு சபைக்கு, மறுபக்கத்துக் கான் இன்னொரு சபைக்கு. மேல்பக்கத்தில் கட்டியவர் தன் எல்லையோடு நிறுத்துவார். தண்ணீர் எல்லைக்கல்லுக்குக் கீழேயுள்ளவரின் முற்றத்தில் கொட்டும். அவர் வேற்று ஊர், வேற்றுச் சமூகமாக இருந்துவிட்டால் அது வடிகால் பிரச்சினையாக இல்லாமல் வேறொன்றாகிவிடும், தேர்தல் காலத்தில் கேட்கவே வேண்டாம். பெரிய வீதி வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பு, ரயில் பாதை ரயில்வேயின் பொறுப்பு. பெரிய குளத்துக்கு நீர்ப்பாசனம், சின்னக் குளத்துக்குக் கமநலம், மாதுறு ஓயாவுக்கு மகாவலி, கடற்கரைக்குக் கரையோரம் பேணல். எல்லாரிடமும் வரைபடம் இருக்கிறது, அவரவர் துண்டுக்கு. தண்ணீர் மலையிலிருந்து கடல்வரை போகும் பாதையை ஒரே தாளில், ஒரே மட்டக் கணக்கில் காட்டும் படத்தை என் வேலைக்காலத்தில் நான் கண்டதில்லை.

களப்போரத்தில் குடியிருப்பவர்களை எழுப்பிவிட்டால் சரி என்று ஒரு சத்தமும் கேட்கிறது. நான் உடன்படமாட்டேன். அவர்களில் பலர் சுனாமியாலும் யுத்தத்தாலும் அங்கே ஒதுங்கியவர்கள், தொழில் தண்ணீரில் இருப்பவர்கள். தோணாவின் வழியை உண்மையில் அடைத்தது ஓலைக்குடிசையா, மதில் கட்டிய கடைத்தொகுதியா என்று நடந்து பார்த்தால் தெரியும். எழுப்புவதென்றால் மதிலில் தொடங்கட்டும்.

செய்ய வேண்டியதற்குக் கோடிகள் தேவையில்லை. முதல் வருடக் காசில் ஒரு மீற்றர்க் கான்கூடக் கட்ட வேண்டாம். ஐந்து பிரிவுக்கும் சேர்த்து மட்டப்படம் எடுங்கள். நில அளவைத் திணைக்களம் இருக்கிறது, பல்கலைக்கழகப் பொறியியல் மாணவர்கள் இருக்கிறார்கள், என்னைப் போல் வீட்டில் சும்மா இருக்கும் ஓய்வுபெற்ற ரீ.ஓ.மாரும் இருக்கிறார்கள், தேநீர் தந்தால் வந்து கருவி பிடிப்போம். அதோடு களப்பில் இரண்டு மூன்று இடத்தில் அளவுகோல் நட்டு, மார்கழி முழுக்க மட்டத்தைத் தினமும் எழுதி வைக்க வேண்டும். அந்தப் படத்தில் மிச்சமிருக்கும் பள்ளக்காணிகளுக்குச் சிவப்புக் கோடு போட்டு, அவற்றில் கட்டட அனுமதி தருவதை நிறுத்த வேண்டும். இரண்டாம் வருடம் மதகு, வாயிலிருந்து தொடங்கி மேல்நோக்கி. கான் கடைசி. எங்கள் ஊரில் இந்த வரிசை அப்படியே தலைகீழாக நடக்கிறது. கான்தான் கண்ணுக்குத் தெரியும், கானில்தான் பெயர்ப்பலகை நடலாம்.

பிரதேச சபை உறுப்பினர்களுக்கும், உங்கள் ஒழுங்கையில் அடுத்த கானுக்கு மனுக் கொடுக்கப்போகும் உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். வேலை தொடங்கும் நாளில் தேங்காய் உடைக்க முன் இரண்டு கேள்வி கேளுங்கள்: இந்தக் கானின் வாய் எங்கே? மார்கழியில் களப்பு ஏறும்போது அந்த வாய் மேலே நிற்குமா, உள்ளே போகுமா? பதிலை எழுத்தில் வாங்குங்கள். பதில் இல்லையென்றால் வேலையைத் தொடங்க விடாதீர்கள்.